வெண்ணெய் வாசனை

ஆம்பூர்
12.6.2007

அன்புள்ள அண்ணனுக்கு பெர்சிஸ் எழுதுவது.

நானும் நெல்வினும் குழந்தை ஃபீபியும் தேவ கிருபையால் சுகம் என்று எழுத வந்தேன். பேனா அங்கேயே நின்றுவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் சுகம்.

நீ போன் செய்யும்போதெல்லாம் நான் ‘லைன் சரியில்லை’ என்று வைத்துவிடுவதாக நெல்வினிடம் குறைப்பட்டுக்கொண்டாயாம். லைன் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்குகிறது. எழுதும்போது நடுவில் நிறுத்திக்கொள்ளலாம். நீ இதைப் படிக்கும்போது நான் எங்கே நிறுத்தினேன் என்று உனக்குத் தெரியாது.

போன அக்டோபரில் பிடித்த இருமல். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது, வறட்டு இருமல். ஆம்பூர் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, “எதுக்கும் டி.பி. மாத்திரை ஆரம்பிச்சுடலாம்” என்றார். இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். சிறுநீர் சிவப்பாகப் போகிறது, அவ்வளவுதான் மாற்றம். ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதிப் படியில் உட்கார்ந்துவிடுகிறேன். ஈஸ்டர் ஆராதனையில் பாடகர் குழுவோடு நின்றேன், வாய் மட்டும் அசைத்தேன். போதகரின் மனைவி ஐயரம்மா கண்டுபிடித்துவிட்டார்கள்.

கம்பெனியில் குறையொன்றும் இல்லை. நீ ஷார்ஜா போன பிறகு மிக்சிங் ரூமில் உன் இடத்துக்கு யாரும் வரவில்லை; அளவெல்லாம் நான்தான் பார்க்கிறேன். முதலாளி மக்பூல் அகமது சாயபு இப்போதும் உன்னைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். “தோல் ஷாப்ப மூடினப்போ நடுத்தெருவுல நின்னேன். ஞானமுத்துதான் அதே ஷெட்டுல எசென்ஸ் கம்பெனி வச்சுக் குடுத்தான்” என்று வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்கிறார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தோல் பதனிடும் நாற்றம், எங்கள் ஷெட்டில் கேக் வாசனை. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், “உங்க மேல பிஸ்கட் வாசனை வருதுக்கா” என்று நெருங்கி உட்காருகிறார்கள்.

எசென்ஸைச் சூடாக்கிக் கலக்கும் பக்கத்துக் கெட்டிலில் நிற்கிற நந்தினிக்கும் இதே இருமல். இருபத்துமூன்று வயசுப் பெண். மேனேஜர், “இன்னா, ரெண்டு பேரும் டூயட் பாடுறீங்களா?” என்று கேலி செய்கிறார்.

நீ அந்த ரூமில் ஐந்து வருஷம் நின்றவன். உனக்கு எப்போதாவது இப்படி வந்ததா? அதைக் கேட்கத்தான் எழுதினேன்.

தங்கை,
பெர்சிஸ்


ஷார்ஜா
29.6.2007

என் அன்புத் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. இதற்குப் போய் இவ்வளவு பயப்படுவாயா? ஆம்பூரில் யாருக்குத்தான் இருமல் இல்லை? ஒரு பக்கம் தோல் ஷாப் தூசி, இன்னொரு பக்கம் ஹைவே புகை. பாலாற்று மணலே காற்றில் பறந்து வருகிறது. பேர்ணாம்பட்டு அப்துல் ஹமீத் என்னோடு இதே லேபில் வேலை செய்கிறான். அவன் அடுத்த வாரம் ஊருக்கு வருகிறான். அவனிடம் இன்ஹேலர் இரண்டு, பேரீச்சம்பழம், ஃபீபிக்கு ஒரு ஸ்கூல் பேக் கொடுத்தனுப்புகிறேன். மாத்திரையை நிறுத்தாதே.

இங்கே என் வேலை ரொம்ப நன்றாகப் போகிறது. சீனாவிலிருந்து ஒரு பார்ட்டி வந்திருக்கிறார்கள். அவர்கள் செய்யும் சாமானைப் பார்த்தால் அசந்துபோவாய். பேனா கனத்தில் ஒரு குழாய், உள்ளே பேட்டரி, ஒரு சின்னக் கம்பிச் சுருள், திரவத்தில் நனைத்த பஞ்சு. வாயில் வைத்து உறிஞ்சினால் கம்பி சூடாகி, திரவம் ஆவியாகி வருகிறது. நெருப்பில்லாத, சாம்பலில்லாத சிகரெட். அந்தத் திரவத்துக்குத்தான் நாங்கள் வாசனை செய்துகொடுக்க வேண்டும். புகையிலை, புதினா, வெனிலா எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். அவர்களுக்கு பட்டர்ஸ்காட்ச் வேண்டுமாம், பால்கோவா மாதிரி நாக்கில் நிற்கிற வாசனை. நாலு கம்பெனி செய்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்கள். வாணியம்பாடி காலேஜில் பி.எஸ்ஸி. படித்தவனின் மூக்குக்கு இந்த மரியாதை!

சாயபுவிடம் நல்லபடியாக நடந்துகொள். அடிக்கடி லீவு போடாதே. எனக்கு அப்படி இருமல் வந்ததாக நினைவில்லை.

மிக்சிங் ரூமில் தெற்கு ஜன்னலைத் திறந்து வைக்கிறார்களா? கெட்டில் மூடியைத் திறக்கும்போது முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள். சூடு அடிக்கும், அதற்காகச் சொன்னேன்.

அண்ணன்,
ஞானமுத்து


ஆம்பூர்
3.9.2007

அன்புள்ள அண்ணனுக்கு,

அப்துல் ஹமீத் கொடுத்த இன்ஹேலர் இரண்டும் தீர்ந்துபோயின. குணமில்லை. நெல்வின் ஷூ கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு என்னை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

அங்கே ஒரு குழாயைக் கையில் கொடுத்து ஊதச் சொன்னார்கள். என் வயசுக்கும் உயரத்துக்கும் நூறு வர வேண்டுமாம். முப்பத்துநாலு வந்தது. மெஷின் கோளாறு என்று நினைத்து அந்தப் பெண் வேறு மெஷினில் ஊத வைத்தாள். அதிலும் முப்பத்துநாலு. மருந்து இழுக்க வைத்து மறுபடி ஊதச் சொன்னார்கள். முப்பத்தைந்து. பிறகு ஸ்கேன்.

நெஞ்சு நோய் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது டி.பி. இல்லைம்மா. ஆஸ்துமாவும் இல்லை. நீங்க எங்க வேலை செய்றீங்க?” என்று கேட்டார்கள்.

“எசென்ஸ் கம்பெனிங்கம்மா. பிஸ்கட்டுக்கு, ஐஸ்கிரீமுக்குப் போடுற பட்டர் எசென்ஸ்.”

அவர்கள் படத்தை வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்கள். “அங்க வேற யாருக்காவது இருமல் இருக்கா?”

“நந்தினின்னு ஒரு பொண்ணு. முனிரத்தினம்னு ஒருத்தருக்கும் இப்போ ஆரம்பிச்சிருக்கு.”

அப்புறம் நிதானமாக விளக்கினார்கள். மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து போகிறதாம். கடைசி நுனி நூல் கனம்தான் இருக்குமாம். அங்கே புண்ணாகி, ஆறும்போது தழும்பு வந்து அடைத்துக்கொண்டிருக்கிறதாம். “பிஸ்கட்ல தின்னா வயித்துக்குப் போகுது, செரிச்சுடுது. சூடான ஆவியா மூச்சுல போனா கதை வேற. அமெரிக்காவுல சோளப்பொரி பாக்டரியில இப்படிப் பார்த்திருக்காங்க. அங்க பட்டர் வாசனைக்குக் கலக்குற ஒரு கெமிக்கல்தான் காரணம்னு எழுதியிருக்காங்க. உங்க டிரம்முல இருக்கிறதும் அதுதானான்னு எனக்குத் தெரியணும். வெறும் சந்தேகத்தை வச்சு நான் ரிப்போர்ட் எழுத முடியாது” என்றார்கள்.

மேனேஜரைக் கேட்டேன். “அதெல்லாம் கம்பெனி ரகசியம்மா” என்றார். சரக்கு வரும் டிரம்மில் லேபிளை உரித்துவிட்டுத்தான் உள்ளே தள்ளுகிறார்கள். மேலே பெயிண்டில் ‘பி.எஃப். 7’ என்று மட்டும் இருக்கிறது. அது நீ வைத்த பெயர். உள்ளே என்ன என்று உனக்குத் தெரியும்.

அதை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதி அனுப்பு அண்ணா. டாக்டரம்மாவின் முகவரி அடியில் இருக்கிறது. அவர்களுக்கே நேராக எழுதினாலும் சரி.

பெர்சிஸ்


ஷார்ஜா
25.9.2007

அன்புள்ள பெர்சிஸ்,

முதலில் அந்த வேலையை விட்டுவிடு. இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே விட்டுவிடு.

நீ கேட்டது சாதாரண விஷயம் இல்லை. நான் கம்பெனியை விட்டு வரும்போது பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஃபார்முலாவை வெளியே சொன்னால் சாயபு என் மேல் கேஸ் போடலாம். இங்கே தெரிந்தாலும் வேலை போய்விடும். ரகசியத்தை வெளியே விடுகிறவன் என்று பெயர் வந்தால் இந்தத் தொழிலில் எவன் சேர்ப்பான்?

அதில் இருப்பதெல்லாம் சாப்பிடும் தரத்துச் சாமான். வெண்ணெயிலேயே இயற்கையாக இருப்பது. கோடி பேர் பிஸ்கட்டில் சாப்பிடுகிறார்கள். குழந்தைகள் சாப்பிடுகிறார்கள். டாக்டரம்மா எங்கோ அமெரிக்காவில் படித்ததை உன் மேல் வைத்துப் பார்க்கிறார்கள். பட்டர் எசென்ஸ் என்று சொன்னால் போதாதா?

நீ எழுதியிருப்பதைப் படித்தால் நான் என்னவோ டிரம்மில் விஷத்தை ஊற்றிவைத்துவிட்டு ஓடிவந்த மாதிரி இருக்கிறது. அம்மா போன பிறகு உன்னைப் படிக்க வைத்தது நான். தோல் ஷாப்பில் உன் கால் படக்கூடாது என்று, சுத்தமான இடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தது நான். அதை மறக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜெபம் செய்.

ஞானமுத்து


ஆம்பூர்
14.11.2007

திரு. ஞானமுத்து அவர்களுக்கு,

வணக்கம். நந்தினி போன வெள்ளிக்கிழமை இறந்துபோனாள். உங்களுக்கு அவளை நினைவிருக்கும். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் டிரம்மை எப்படிச் சாய்க்க வேண்டும், அளவுக் குவளையை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று நீங்கள்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். “குனிஞ்சு பாரும்மா, கோட்டுக்கு நேரா கண்ணை வச்சுப் பாரு” என்று சொல்வீர்கள். அவள் அப்படியே குனிந்து பார்ப்பாள்.

நான் செப்டம்பரிலேயே நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை. வேலூருக்கு வா என்று எவ்வளவோ கூப்பிட்டேன். “லீவு ஜாஸ்தி ஆயிடுச்சுக்கா. மேனேஜர் திட்டுறாரு” என்றாள். கடைசியில் அவளுக்கு நிமோனியா என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

வாணியம்பாடி தாண்டி மலையடியில் அவர்கள் ஊர். நெல்வினோடு போனேன். கம்பெனியிலிருந்து மாலை வந்திருந்தது. அவள் அம்மா சுந்தரி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள்: “நல்ல வாசனையா இருக்குதுன்னு அனுப்பினேன். தோல் ஷாப்புல சேத்திருந்தா நாத்தம் தாங்காம ரெண்டே நாள்ல ஓடியாந்திருப்பா. எம் பொண்ணு உசுரோட இருந்திருப்பா.”

எனக்கு மூச்சு வரவில்லை. அந்தம்மா எனக்கு விசிறிவிட்டார்கள். மகளைப் புதைத்துவிட்டு வந்த வீட்டில் அவர்கள் எனக்கு விசிறிவிட்டார்கள்.

அந்த ரூமில் இன்னும் நாலு பேர் வேலை செய்கிறார்கள். முனிரத்தினம் அண்ணன் சைக்கிளை இப்போது தள்ளிக்கொண்டு வருகிறார். அவர்களைச் சோதித்துப் பார்க்க வேண்டும், ரூமை மூட வேண்டும் என்று டாக்டரம்மா கம்பெனிக்கு எழுதினார்கள். எங்களிடம் ஆபத்தான பொருள் எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

நான் உங்களிடம் கேட்டது ஒரே ஒரு வார்த்தை. நீங்கள் என்னைப் படிக்க வைத்ததை நான் மறக்கவில்லை. அதனால்தான் அந்த வார்த்தையை எழுதிக் காட்டினால் படிக்கத் தெரிந்தவளாக இருக்கிறேன்.

இனிமேல் எழுத மாட்டேன். போனும் செய்ய வேண்டாம்.

பெர்சிஸ் நெல்வின்


ஷார்ஜா
22.1.2008

பெர்சிஸ்,

நீ இதைப் பிரிப்பாயோ மாட்டாயோ தெரியாது. பிரித்தால் முதல் வரியிலேயே அது இருக்க வேண்டும் என்று எழுதுகிறேன்: டைஅசிட்டைல். பி.எஃப். 7 டிரம்மில் நூற்றுக்குப் பதினெட்டு பங்கு அதுதான். அனுப்பிய கம்பெனி, வந்த வருஷம், கெட்டிலில் எத்தனை டிகிரி சூட்டில் கலக்குவோம் என்பது எல்லாவற்றையும் டாக்டரம்மாவுக்கு எழுதி, கையெழுத்துப் போட்டு, போன வியாழக்கிழமை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன்.

ஏன் இப்போது என்று கேட்பாய். அந்தச் சீனாக்காரர்கள் செய்து முடித்த குழாய்களை ஒரு பெட்டியில் கொண்டுவந்தார்கள். எங்கள் லேபில் எல்லாருக்கும் ஒன்று கொடுத்தார்கள். உள்ளே என்னுடைய பட்டர்ஸ்காட்ச். அப்துல் ஹமீத் முதலில் இழுத்தான். “சூப்பர் அண்ணே! வாயில கரையுது” என்று மூக்கு வழியாக ஆவியை விட்டான். எல்லாரும் கை தட்டினார்கள். “செஞ்சவரு நீங்க, நீங்க இழுங்க” என்று என் கையில் கொடுத்தான். உதடு வரைக்கும் கொண்டுபோனேன். கெட்டில் மூடியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. குனிந்து பார் என்று நான் யாரிடம் சொன்னேனோ அவள் முகம் வந்தது. குழாயைக் கீழே போட்டுவிட்டேன். கெட்டிலில் வேண்டாத ஆவியாகத் தப்பி வந்ததை, இங்கே அளவு பார்த்து, சூடு பார்த்து, நெஞ்சுக்குள் நேராக அனுப்புவதற்கென்றே ஒரு சாமான் செய்திருக்கிறோம். நான்தான் அதற்கு ருசி சேர்த்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் முன்னால் எழுதியதும் பொய்யாகிவிடும்.

2004-ல் ஒரு டிரம்மோடு ஒரு காகிதம் வந்தது. அனுப்பிய கம்பெனியின் எச்சரிக்கைத் தாள். ‘சூடான ஆவியைச் சுவாசிக்கக் கூடாது, நுரையீரலுக்கு நிரந்தர பாதிப்பு ஏற்படலாம்’ என்று அதில் இருந்தது. சாயபுவிடம் காட்டினேன். “லேபர்கிட்ட காட்டினா பேஜார், ஃபைல்ல வையி” என்றார். வைத்தேன். அடுத்த வாரம் என் மேசையை மிக்சிங் ரூமிலிருந்து முன்பக்க ஆபீசுக்கு மாற்றிக்கொண்டேன். வெளிச்சம் போதவில்லை என்று காரணம் சொன்னேன்.

உன்னை மாற்றவில்லை. உன்னை மட்டும் வெளியே எடுத்தால் நந்தினி ஏன் என்று கேட்பாள், முனிரத்தினம் கேட்பார். அதற்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. பிறகு செய்யலாம், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் ஷார்ஜா விசா வந்தது.

நீ கேட்டாய், உனக்கு அப்படி இருமல் வந்ததா என்று. நினைவில்லை என்று எழுதினேன். இருந்தது. மேசையை மாற்றிய பிறகு குறைந்தது.

மன்னிப்பு என்று எழுதக் கை வரவில்லை.

ஞானமுத்து


ஆம்பூர்
17.3.2008

உன் கடிதத்தை நெல்வின் பிரித்தார். படித்துவிட்டு என்னிடம் கொடுக்காமல் இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். நான் கேட்ட பிறகுதான் கொடுத்தார்.

நீ மேசையை மாற்றிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு பக்கம் நீ பிடித்தாய். இன்னொரு பக்கம் பிடித்தது நான். வாசல்படி தாண்டும்போது கால் இடித்துக்கொண்டது. “பாத்து வா பெர்சி, அடிபட்டுடப் போவுது” என்று சொன்னாய். மேசையை வைத்துவிட்டு நான் திரும்பி ரூமுக்குள் போனேன். நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்?

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உன் காகிதம் கிடைத்ததும் டாக்டரம்மா ரிப்போர்ட் எழுதினார்கள். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்தார், கம்பெனி மேல் கேஸ் போட்டிருக்கிறார். மிக்சிங் ரூம் பூட்டியாகிவிட்டது. நாலு பேரையும் ஊத வைத்ததில் இரண்டு பேருக்குப் பரவாயில்லை. ஒருவருக்கு அறுபது. முனிரத்தினம் அண்ணனுக்கு நாற்பத்தொன்று. எனக்கு இப்போது இருபத்தெட்டு. “போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம்” என்றார்கள் டாக்டரம்மா. முனிரத்தினம் அண்ணன் வெளியே வந்து, “பேரு தெரிஞ்சிடுச்சு, சரி. அதுக்கு மருந்து எப்போ வரும்?” என்று கேட்டார்.

மக்பூல் அகமது சாயபு வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். “ஞானமுத்து ஒரு பேப்பரக் காட்டினாம்மா. இங்கிலீஷ்ல இருந்துச்சு. எனக்கு இன்னா தெரியும்? அவனே பாத்துக்குவான்னு வுட்டுட்டேன்” என்று அழுதார். நிஜமாகத்தான் அழுதார். நீ ஒரு மாதிரி எழுதுகிறாய், அவர் ஒரு மாதிரி சொல்கிறார். எது நிஜம் என்று நான் விசாரிக்கப்போவதில்லை. காகிதத்தை இரண்டு பேர் பார்த்தீர்கள். டிரம்மைத் திறந்தது நாங்கள்.

அந்தச் சிகரெட்டை என்ன செய்தாய்? அதை நீ எழுதவே இல்லையே.

பெர்சிஸ்


ஷார்ஜா
30.5.2008

பெர்சிஸ்,

நீ கேட்டதற்குப் பதில் சொல்லும் தகுதி வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

டாக்டரம்மா அனுப்பிய ரிப்போர்ட்டை என் முதலாளியிடம் காட்டினேன். படித்தார். மரியாதையாகத்தான் பேசினார். “அப்ப அந்தக் கெமிக்கலை எடுத்துடு” என்றார். சந்தோஷப்பட்டேன். ஒரு வாரத்தில் இன்னொரு டிரம் வந்தது. டைஅசிட்டைலுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு சாமான் அது. ஒரு கார்பன் மட்டும் அதிகம். வாசனை கிட்டத்தட்ட அதேதான். ‘டைஅசிட்டைல் இல்லாதது’ என்று லேபிளில் போட்டுக்கொள்ளலாம். “இது நெஞ்சை ஒண்ணும் செய்யாதுன்னு யாராவது பரிசோதிச்சுப் பார்த்தாங்களா?” என்று கேட்டேன். “சாப்பாட்டுல போட அனுமதி இருக்கே” என்றார். நான் உனக்கு எழுதிய அதே பதில்.

கலக்க மாட்டேன் என்றேன். அப்துல் ஹமீதைக் கலக்கச் சொன்னார். அவனைத் தனியே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “அண்ணே, எனக்குக் கல்யாணத்துக்கு ரெண்டு தங்கச்சி இருக்குதுண்ணே” என்றான். கலந்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் உண்டா?

சீனாக்காரர்களுக்கு நானே கடிதம் போட்டேன். கனிவாகப் பதில் வந்தது. எங்கள் வாடிக்கையாளர்கள் மிகவும் விரும்புகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். நானூறு லிட்டர் போன மாதம் கப்பலில் போய்விட்டது. எந்த நாட்டில் எத்தனை பேர் இழுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. என்னால் நிறுத்த முடியவில்லை.

என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜூன் கடைசியில் வருகிறேன். இன்ஸ்பெக்டரிடமும் கோர்ட்டிலும் காகிதம் வந்த தேதியிலிருந்து மேசையை மாற்றிய தேதி வரை சொல்வேன். வேலூரில் ஒரு லாட்ஜில் தங்கிக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்கு வரலாமா? வேண்டாம் என்றால் புரிந்துகொள்வேன்.

ஞானமுத்து


ஆம்பூர்
19.6.2008

அண்ணா,

இதை மூன்று நாளாக எழுதுகிறேன். இப்போது வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருக்கிறோம். ஃபீபி அதற்குப் பூப்போட்ட துணி போட்டு வைத்திருக்கிறாள்.

உன்னை வர வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். நெல்வின், “அவரு முகத்துல நான் முழிக்க மாட்டேன்” என்கிறார். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. என் மனசில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. ஒரு நாள் உன்னை அடிக்கத் தோன்றுகிறது. இன்னொரு நாள் நீ சாப்பிட்டாயா என்று தோன்றுகிறது.

முதலில் நந்தினி வீட்டுக்குப் போ. சுந்தரியம்மாவிடம் உன் வாயால் சொல். எனக்கு எழுதியதை எல்லாம் சொல். காகிதம், மேசை, சாயபு, எல்லாம். அவர்களுக்குப் படிக்கத் தெரியாது, கடிதம் போட்டுத் தப்பிக்க முடியாது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி விடாமல் எனக்கு எழுது. நல்லதாக மாற்றி எழுதாதே. அதைப் படித்துவிட்டுத்தான் வா என்றோ வேண்டாம் என்றோ சொல்வேன்.

பெர்சிஸ்


வாணியம்பாடி
8.7.2008

பெர்சிஸ்,

போய் வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு வரியும் விடவில்லை.

ரோட்டிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஏற்றம். வழியில் இரண்டு தடவை நின்றுவிட்டேன். வெயில் என்று சொல்லிக்கொண்டேன். அந்தம்மா வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் யாரென்று சொன்னதும், “எசென்ஸ் சாரா? நந்தினி உங்களப் பத்தி நல்லவிதமா சொல்லுவா” என்று எழுந்து பாய் எடுக்கப் போனார்கள். “பாய் வேணாம்மா, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க” என்றேன்.

நின்றுகொண்டே சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் புளியங்கொட்டையை ஒரு பக்கம், சதையை ஒரு பக்கம் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். முடித்த பிறகு கேட்டார்கள்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியும்?”

“தெரியும்மா.”

“எம் பொண்ணு அங்க நிக்கிறதும் தெரியும்?”

“தெரியும்.”

அப்புறம், “அந்த வாசனை சாமான இப்பயும் எங்கனா செய்றாங்களா?” என்று கேட்டார்கள். பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. வெளிநாட்டில் அதைக் குழாயில் போட்டு, ஜனங்கள் தாங்களாகவே நெஞ்சுக்குள் இழுக்கிறார்கள் என்று சொன்னேன்.

“எதுக்கு?”

“வாசனைக்கு.”

“யாரும் அவங்களுக்குச் சொல்லலையா?”

“சொல்லல.”

“நந்தினிக்கும் யாரும் சொல்லல” என்றார்கள். அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

எனக்கு அப்போது இருமல் வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. திண்டாடித் தூணைப் பிடித்துக்கொண்டேன். அந்தம்மா புளியை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். அவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். ஒரு வருஷம் அதே வீட்டில் கேட்டிருக்கிறார்கள்.

“உனக்குமா?” என்றார்கள். அதுவரை நீங்க என்றுதான் பேசினார்கள்.

நான் இன்னும் எங்கேயும் ஊதிப் பார்க்கவில்லை. “போ. மறுபடியும் இங்க வராத. ஆனா கோர்ட்டுல கூப்பிட்டா நான் வர்றேன். நீ சொன்னத அங்கயும் சொல்லு, நான் நின்னு கேக்குறேன்” என்றார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அவ்வளவுதான். எதையும் மாற்றவில்லை.

ஞானமுத்து


ஆம்பூர்
12.7.2008

அண்ணா,

கார்டில் இடம் கம்மி. அடுத்த சனிக்கிழமை வா. நெல்வின் பஸ் ஸ்டாண்டுக்கு வருவார். பேச மாட்டார், ஆனால் வருவார்.

அந்த ரூமில் எப்போதாவது வேலை செய்தவர்கள் எல்லாரும் வர வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள். பட்டியலை நான்தான் எழுதிக்கொடுத்தேன். நந்தினி பெயருக்குக் கீழே உன் பெயர். திங்கட்கிழமை காலை நான், முனிரத்தினம் அண்ணன், நீ மூன்று பேரும் வேலூருக்கு ஒரே காரில் போகிறோம். மெதுவாக ஊதிச் சமாளிக்கப் பார்க்காதே அண்ணா. உள்ளே இருப்பது எல்லாவற்றையும் விட்டு ஊது. அப்போதுதான் எவ்வளவு மிச்சம் என்று தெரியும்.

பெர்சிஸ்